முதலில் ரேஷன் கார்டு

அழுதுகொண்டு வருகிற பெண்ணிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "ரேஷன் கார்டு யாருகிட்ட இருக்கு?" என்பது. சிலர் கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். புருஷன் அடித்த அடியைச் சொல்ல வந்தால் இந்தம்மா அரிசி பருப்புக் கணக்குக் கேட்கிறதே என்று இருக்கும். கூட வந்த அண்ணனோ சித்தப்பாவோதான் பதில் சொல்வார்: "அது மாமியா பீரோவுல இருக்குங்க." அநேகமாக எல்லா மாமியார் பீரோவிலும் அது பட்டுச்சேலைக்கு அடியில்தான் இருக்கிறது. நகையைக்கூட அவ்வளவு பத்திரமாக வைக்க மாட்டார்கள். நகை அடகுக் கடைக்குப் போய்விடும்.

மகளிர் தினத்துக்கு என்னைப் பேசக் கூப்பிடுகிற கல்லூரிகளில் பெரும்பாலும் தன்னம்பிக்கை என்றுதான் தலைப்புக் கொடுக்கிறார்கள். தன்னம்பிக்கை மேல் எனக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்து ஊர்களில் முப்பது வருஷத்துக்கு மேலாக அலைந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: தைரியம் இல்லாமல் புருஷன் வீட்டுப் படி இறங்கிய ஒருத்தியை நான் பார்த்ததில்லை. கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்தவளுக்குத் தைரியத்தைப் பற்றி நான் என்ன பாடம் எடுப்பது? அவள் கையில் காகிதம் இருக்காது. காகிதம் இல்லாதவளை எந்த ஆபீஸ் வாசலிலும் ஓர் ஆளாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அப்படி அலைந்து அலைந்து நாலு மாதத்தில் இருக்கிற தைரியமும் தீர்ந்து, எந்தப் படியை இறங்கினாளோ அதே படியை ஏறிவிடுவாள். ஏறியவர்களில் ஒன்றிரண்டு பேரின் சாவுக்கும் போய் வந்திருக்கிறேன்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். 1985-ல் ஆலங்குடிப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டேன். அவர் திருச்சியில் செயற்கை வைரக்கல் பட்டை தீட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் காலத்தில் அது கௌரவமான வேலை. வெயிலில் நிற்க வேண்டாம், வாரக்கூலி கையில் கிடைக்கும். சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு இருந்துவிட்டுப் போவார். பிறகு மாதம் ஒரு தடவை என்றானது. பிறகு தீபாவளிக்கு. மகள் நடக்கப் பழகியபோது அவர் அங்கேயே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டது தெரிந்தது. மாமியார் சண்டை ஒன்றும் போடவில்லை. "அவன் இல்லாத வீட்ல ஒனக்கு என்னத்தா வேலை? அவன் ஆளனுப்புனா வா" என்றார். பெட்டியை எடுத்து வாசலில் வைத்ததும் அவர்தான்; பிள்ளைக்கு என்று ஒரு தூக்குவாளியில் சோறும் கட்டிக் கொடுத்தார்.

அப்பா வீடு என்று சொல்லிக்கொண்டாலும், அப்பா செத்து அது அண்ணன் வீடாகியிருந்தது. அண்ணி கெட்டவர் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் அண்ணி என்றாலே கொடுமைக்காரி ஆக்கிவிடுகிறார்கள். அவருக்கு மூன்று பிள்ளைகள். அண்ணன் கொத்து வேலை. வீட்டுக் கார்டில் ஐந்து பெயர், சாப்பிடுகிறவர்கள் ஏழு பேர். மாதக் கடைசியில் சீமெண்ணெய் தீரும்போது அண்ணி விளக்குத் திரியை இறக்குவார். இறக்கும்போது என் பக்கம் பார்க்காமல் இருக்க அவர் படுகிற பாடு எனக்குத் தெரியும். நானும் சோற்றுப் பானையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டை எடுப்பேன். ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று நினைக்கிற இரண்டு பேர் ஒரே அடுப்படியில் இருப்பது, சண்டைக்காரர்கள் இருப்பதைவிடக் கஷ்டம்.

எனக்கும் பிள்ளைக்கும் தனிக் கார்டு இருந்தால் இந்தப் பாடு பாதி குறையுமே என்று ஆபீஸுக்குப் போனேன். பழைய கார்டில் பெயரை நீக்கிச் சான்று வாங்கி வந்தால்தான் புதுக் கார்டு என்றார்கள். பெயரை நீக்கப் பழைய கார்டு வேண்டும்; அது மாமியார் பீரோவில். கார்டு இல்லையென்றால் கோர்ட்டு உத்தரவு. கோர்ட்டுக்கு வக்கீல், வக்கீலுக்கும் பஸ்ஸுக்கும் காசு, காசுக்குக் கூலி வேலை, கூலி வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். "ஒங்க வீட்டுக்காரரு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அஞ்சு நிமிஷ வேலைம்மா" என்றார் அங்கிருந்த எழுத்தர். நல்ல மனுஷர்தான், உட்காரச் சொல்லித்தான் பேசினார். அந்த அஞ்சு நிமிஷ வேலை முடிவதற்குள் என் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள்.

நடுவில் 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தது. பத்தாம் வகுப்புப் படித்தவள் ஊரில் சும்மா இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு என்னைப் பாடம் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். அப்போது ஷீலா ராணி சுங்கத் புதுக்கோட்டை கலெக்டர். ராத்திரி எட்டு மணிக்கு மேல் தெருவிளக்கடியில் வகுப்பு. வருகிறவர்கள் நாற்று நட்டுவிட்டு வந்தவர்கள், கல் உடைத்துவிட்டு வந்தவர்கள். அ, ஆ எழுதும்போதே சிலர் தூங்கிவிடுவார்கள். அந்த மாவட்டத்தில் கல்குவாரிகளைப் பெண்கள் குழுவுக்கே குத்தகைக்குக் கொடுத்தது அந்தச் சமயத்தில்தான். குவாரியிலிருந்து வந்த ஓர் அக்கா கூட்டல் கணக்கு மட்டும் கற்றுக்கொண்டார். எழுத்தில் அவருக்கு ஆர்வமே இல்லை. "லோடுக்கு லோடு ஏமாத்துனானுக தங்கச்சி. அது தெரிஞ்சாப் போதும்" என்றார். எழுத்தறிவு என்று மேலே உள்ளவர்கள் எதையோ நினைத்துக்கொண்டு அனுப்பினார்கள். அந்த அக்கா தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அது மனதில் நின்றுவிட்டது.

அறிவொளியில் பெண்கள் சைக்கிள் கற்றதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பி. சாய்நாத் எழுதியது வடநாட்டுப் பிள்ளைகளின் இந்திப் பாடப் புத்தகத்தில்கூட வந்துவிட்டது. 1992 மகளிர் தினத்தில் புதுக்கோட்டை ரோட்டை அடைத்துக்கொண்டு பெண்கள் மணியடித்துக்கொண்டு போனார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். விடுதலை என்று எழுதுகிறார்கள். விடுதலைதான், மறுக்கவில்லை. என் கணக்கில் அது பஸ் காசு.

நான் கற்றது ஆம்பிளை சைக்கிளில். லேடீஸ் சைக்கிள் அப்போது கிடைக்கவே கிடைக்காது. வற்றிப்போன கண்மாய்க்குள், வகுப்பு முடிந்த பிறகு, நிலா வெளிச்சத்தில். சேலையைக் காலுக்கிடையில் இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினால் பாரில் தொடை இடிக்கும். வெடித்த களிமண்ணில் சக்கரம் சிக்கினால் முழங்கால்தான் முதலில் தரையைத் தொடும். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறவளும் எனக்கு முந்தின வாரம்தான் கற்றவள். பிடித்திருக்கிறாள் என்று நம்பி மிதித்துக்கொண்டே போய்த் திரும்பிப் பார்த்தால் அவள் எங்கேயோ நின்று கைதட்டிக்கொண்டிருப்பாள். ஊரில் பேசாத பேச்சில்லை. "வாழாவெட்டிக்கு வாகனம் வேறயா" என்று ஒரு பெரியவர் என் காதுபடவே சொன்னார். கற்றுக்கொண்ட பிறகு அந்தப் பார்தான் உபயோகப்பட்டது. துண்டைச் சுற்றி மகளை அதில் உட்கார வைத்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். நான் போனது கோர்ட்டுக்கு.

ஜீவனாம்ச வழக்கு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவு. அப்போது அதில் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. புருஷன் எவ்வளவு சம்பாதித்தாலும் மாதத்துக்கு அதற்கு மேல் போட முடியாது. 2001-ல்தான் அந்த வரம்பை எடுத்தார்கள். எனக்குப் போட்டது அதிலும் பாதிக்குக் கீழே. தீர்ப்பு வந்தால் பணம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் கோர்ட்டுப் படி ஏறாதவர்கள். கட்டாவிட்டால் மனுப் போட வேண்டும். மனுப் போட்டால் வாரண்ட். வாரண்ட் போனால் முதல் நாள் சாயங்காலம் ஆள் ஓடி வந்து கொஞ்சம் கட்டுவார். மறுபடி மூன்று மாதம் சத்தம் இருக்காது. பாக்கி விழுந்து ஒரு வருஷத்துக்குள் மனுப் போடாவிட்டால் அந்தப் பாக்கிக்கு வாரண்ட் கேட்க முடியாது என்பதை எனக்குச் சொன்னது வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. டீ வாங்கிக் கொடுத்ததற்கு நன்றியாகச் சொன்னார். இந்த ஒரு விஷயம் தெரியாமல் வருஷக்கணக்கான பணத்தை விட்டுவிட்ட பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு. 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் அந்தப் பிரிவு 144 ஆகிவிட்டது. நான் இன்னும் 125 என்றுதான் சொல்கிறேன். 144 போடலாம் என்றால் ஊருக்குள் தடை உத்தரவு போடப் போகிறோம் என்று பயந்துவிடுகிறார்கள்.

கோர்ட்டு உத்தரவின் நகலை வைத்துத்தான் கடைசியில் பெயர் நீக்கினார்கள். புதுக் கார்டு வந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் பெயர். அதை வைத்துத்தான் வாடகைக்கு வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் கார்டைப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார். அதை வைத்துத்தான் பேங்க் கணக்கு. சொந்தமாக சைக்கிள் வாங்கக் கடனும் அதை வைத்துத்தான். அண்ணிக்கும் எனக்கும் இருந்த சங்கடம் ஒரே மாதத்தில் போய்விட்டது. இன்றைக்கும் பொங்கலுக்கு அவர் வீட்டில்தான் முதல் சாப்பாடு.

அதற்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யாரும் விளம்பரம் செய்யவில்லை. சைக்கிளில் கோர்ட்டுக்குப் போகிற பொம்பளை என்று தெரிந்ததால் வந்தார்கள். விண்ணப்பம் எழுதுவது, எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும் என்று காட்டுவது, ரசீது வாங்காமல் வராதே என்று சொல்வது, இவ்வளவுதான் என் சேவை. கூடப் போய் நிற்பதை அதைவிடப் பெரிய விஷயம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரியில் தொடங்கி, 1997-க்குப் பிறகு மகளிர் திட்டமாக எல்லா மாவட்டத்துக்கும் வந்தன. நல்ல காரியம், எத்தனையோ வீடுகளைக் கந்துவட்டியிலிருந்து மீட்டது. ஆனால் புருஷன் விட்டுப் போனவளைக் குழுவில் சேர்க்க முதலில் ரொம்பத் தயங்கினார்கள். "நாளைக்கு இவ அம்மா வீட்டுக்குப் போய்ட்டா தவணைய நாங்கள்ல கட்டணும்" என்று நேராகவே கேட்டார்கள். கேட்டதில் தப்பும் இல்லை. கடனுக்குக் குழு முழுவதும்தான் பொறுப்பு. கடைசியில் அப்படிப்பட்டவர்களையே சேர்த்துத் தனியாக ஒரு குழு அமைத்தோம். எங்கள் குழுக் கூட்டத்தில் எவளும் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னதில்லை. வட்டாரத்திலேயே சீக்கிரம் முடிகிற கூட்டம் அதுதான்.

உதவித்தொகையிலும் ஒரு வேடிக்கை உண்டு. கணவன் இறந்தவளுக்கு இறப்புச் சான்று இருக்கிறது. கைவிடப்பட்டவள் முப்பது வயது தாண்டியிருக்க வேண்டும். பிரிந்து ஐந்து வருஷமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டில் பிரிவுக்கு உத்தரவு வாங்கியிருக்க வேண்டும். இருபத்துநாலு வயதில் இரண்டு பிள்ளையோடு நிற்கிறவள் முப்பது வரைக்கும் என்ன சாப்பிடுவாள் என்று அந்த விதியை எழுதியவர் யோசித்த மாதிரி தெரியவில்லை. தொகை 2011-ல் 500-லிருந்து 1000 ஆகி, 2023-ல் 1200 ஆனது. வயது வரம்பு அசையவில்லை.

கீரமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பூக்கட்டுகிறவள். விடியற்காலையில் மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி வந்து, பேசிக்கொண்டே கட்டுவாள். விரல் தன்பாட்டுக்கு ஓடும், முழம் போடும்போதுதான் குனிந்து பார்ப்பாள். குடிகாரப் புருஷனை விட்டு வந்து, அண்ணன் தென்னந்தோப்பு ஓரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. அண்ணனின் தென்னை விழுந்தது, பலா விழுந்தது, இவள் கொட்டகை இருந்த இடமே தெரியவில்லை. கணக்கெடுக்க வந்தவர்கள் அண்ணன் வீட்டை ஒரு குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். இவள் பெயர் அறந்தாங்கிப் பக்கத்தில் மாமியார் கார்டில் இருந்தது. அவள் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் சேர்த்து அங்கே மாதாமாதம் அரிசி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என் பேருக்கு அங்க ஒல வைக்கிறாக, நான் இங்க பட்டினி கெடக்கேன்" என்றாள்.

மாமியார்கள் ஏன் பெயரை விடுவதில்லை என்பதைப் பலர் வன்மம் என்று நினைக்கிறார்கள். வன்மமும் உண்டு. ஆனால் பெயர் குறைந்தால் அரிசி குறையும் என்பதுதான் பாதி விஷயம். அதோடு 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்து எல்லாவற்றையும் ஆதாரோடு இணைத்த பிறகு, ஒரு பெயர் இரண்டு கார்டில் இருக்கவே முடியாது. அவள் ஆதாரும் அந்தப் பீரோவில்தான் இருந்தது.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ல் வந்தது. அடுத்த வருஷம் அக்டோபரில் அமலானது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருப்பார். அவர் நடந்ததை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அடி உதைக்குத் தடை, தங்குவதற்கு இடம், ஜீவனாம்சம், நகை, பொருள் எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். அவளிடம் என்ன கேட்க வேண்டும் என்று கேட்டபோது, போட்டு வந்த நகையைப் பற்றிப் பேசவே இல்லை. "ஆதார் கார்டு, பெரியவனோட பொறப்புச் சான்று, இந்த ரெண்டையும் குடுக்கச் சொல்லுங்கக்கா" என்றாள். வழக்கை அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஒரு வக்கீல் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் கொரோனா வந்து கோர்ட்டே மூடிவிட்டது. 2021-ல் அரிசிக் கார்டுக்கு 4000 ரூபாய் இரண்டு தவணையாகக் கொடுத்தார்களே, அதுவும் அறந்தாங்கிப் பக்கத்துக்குத்தான் போனது. அந்த வருஷம் மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது. வாய்தாவுக்கு வராமல் இருந்த எத்தனை பேர் அதற்குப் பிறகு ஒழுங்காக வந்தார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும்.

காகிதம் கைக்கு வந்து, இ-சேவை மையத்தில் புதுக் கார்டுக்குப் பதியும்போது அங்கிருந்த பையன் தந்தை அல்லது கணவர் பெயர் கேட்டான். அவள் அப்பா பெயரைச் சொன்னாள். "அவரு இருக்காராக்கா?" என்றான். "செத்தா என்னப்பா, அப்பன் அப்பன்தானே. இவன் உசுரோட இருந்து என்ன பிரயோஜனம்?" என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, ஒரு கார்டுக்கு ஒரு பெண் என்ற விதியில், அவளுக்கு அவள் கார்டிலேயே மாதம் 1000 வந்தது. பழைய கார்டில் பெயர் கிடந்திருந்தால் அதுவும் மாமியார் கணக்குக்குத்தான் போயிருக்கும்.

கூரைப் பிரச்சினையில் எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. மாமனார் மாமியார் பெயரில் இருக்கிற வீடாக இருந்தாலும், சேர்ந்து குடியிருந்த வீடு என்றால் மருமகள் அங்கே தங்க உரிமை கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் சொல்லிவிட்டது. ஒரு பெண்ணுக்கு இதை உற்சாகமாக விளக்கினேன். கேட்டுவிட்டு, "ராத்திரி அவன் குடிச்சிட்டு வர்றப்ப ஜட்ஜையா வந்து திண்ணையில படுத்துக்குவாராக்கா?" என்றாள். நான் என்ன சொல்வது? முத்துலட்சுமி ரெட்டி எங்கள் புதுக்கோட்டைக்காரர். போக்கிடம் இல்லாத பெண்களுக்காக 1930-ல் அவ்வை இல்லம் தொடங்கினார். அந்தம்மா முதலில் கொடுத்தது படுக்க இடம். தாம்பரம், தஞ்சாவூர் மாதிரி ஊர்களில் சமூக நலத்துறையின் சேவை இல்லங்கள் உண்டு. அங்கே தங்கிப் படித்து ஆசிரியையானவர்களையும் நர்ஸானவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் ஆடு, கோழி, பூக்கட்டு என்று ஊரிலேயே பிழைப்பு வைத்திருப்பவள் அங்கே போக மாட்டாள். அவளுக்கு இதே ஊரில் ஓர் அறை வேண்டும். அதற்கு எந்தத் திட்டமும் இல்லை.

போன வருஷம் என்னை விட்டுப் போனவருடைய அக்கா மகன் என்னைத் தேடி வந்தான். திருச்சிக் குடித்தனம் எப்போதோ முடிந்துபோயிற்றாம். அந்தம்மாவும் இல்லை; அவர் பெயர் எந்தக் கார்டிலும் இல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். இதயத்தில் அடைப்பு, ஆபரேஷன் என்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேண்டும். அதற்குக் குடும்பக் கார்டு கேட்கிறார்கள். "அத்த, ஒங்க கார்டுல மாமா பேரச் சேத்துவிட்டா நாளைக்கே அட்மிட் பண்ணிருவாங்க" என்றான். மகள் திருச்சியிலிருந்து போனில் கத்தினாள், சேர்க்கவே கூடாது என்று. அவள் சொல்லாவிட்டாலும் நான் சேர்த்திருக்க மாட்டேன்.

அவனை உட்கார வைத்து, அவருக்குத் தனிக் கார்டுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பழைய பெயர் நீக்கல் சான்று எந்த ஆபீஸில் கிடைக்கும், எந்த ஜன்னல், எத்தனை போட்டோ எல்லாம் சொன்னேன். குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான்.

"அவரு பேரத்தான் எழுது. வருமானச் சான்றும் கையோட வாங்கிக்க, காப்பீட்டுக்கு அதுவும் கேப்பாங்க. ரசீது வாங்காம வந்துராத."